காட்டர் பின் காலம்

நாகர்கோவிலில் இருந்து கிழக்கே ஆரல்வாய்மொழிக்குச் சைக்கிள் மிதித்தவனும் மேற்கே தக்கலை தாண்டிக் குலசேகரத்துக்கு மிதித்தவனும் சைக்கிளைப் பற்றி ஒரே மாதிரி பேசமாட்டார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் வயலும் குளமும்தான். ஏற்றம் என்றால் குளத்தங்கரை மேடு. அங்கே சைக்கிள்காரனுக்கு எதிரி காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக்குப் போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிக் கொண்டுபோய் விடும். திரும்பி வரும்போது இறங்கி உருட்ட வைக்கும். கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்தால் கதையே வேறு. ஒரு மேடு ஏறி மூச்சு விடுவதற்குள் இறக்கம், இறக்கம் முடிகிற இடத்தில் அடுத்த மேடு. ரப்பர் தோட்டத்துக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவில் போகும் செம்மண் சரல் தடத்தில் மழை பெய்தால் டயர் நிற்காது.

இந்த இரண்டு பூமிக்கும் முப்பது நாற்பது வருஷம் ஒரே சைக்கிள்தான் ஓடியது. கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், இருபது கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின்னான எடை. எங்கள் கடை தக்கலையில். அப்பா தொடங்கினார், பிறகு நான் பார்த்தேன், இப்போது மகள் வழிப் பேரன் பார்க்கிறான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து குறை சொல்கிறேன்.

அப்பா கடை போட்ட புதிதில் சாமான் எடுக்கத் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்குத்தான் போவார். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். கடைச் சரக்கு அவ்வளவு சீக்கிரம் சேரவில்லை, மதுரைப் பக்கம் திரும்பச் சில வருஷம் பிடித்தது. ரயில் கிடையாது. நாகர்கோவிலுக்குத் திருவனந்தபுரத்தில் இருந்து ரயில் வந்ததே 1979-ல். திருநெல்வேலிப் பாதை திறந்தது 1981-ல். அதுவரை டயர்க் கட்டும் ரிம் கட்டும் பஸ்ஸின் தலைமேல் ஏறித்தான் வந்தன. அதனால் கடையில் என்ன இருக்கிறதோ அதை வைத்து எதையும் ஓட வைப்பதுதான் தொழில் என்று ஆயிற்று. அது முடிந்ததற்குக் காரணம் அப்பாவின் கைத்திறன் மட்டும் இல்லை. சைக்கிள் அப்படிச் செய்யப்பட்டிருந்தது.

ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, ஃபிலிப்ஸ் மூன்றும் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் வட்டாரத்துச் சரக்கு. பிஎஸ்ஏ துப்பாக்கி செய்த கம்பெனி. அந்த ஊர்ப் பட்டறைகள் ஒன்றை ஒன்று பார்த்து, ஒரே அளவில் மரை வெட்டின. கிராங்கு அச்சு ஓடும் கப்புக்கு அங்குலத்துக்கு 24 மரை. அதே அளவு, அதே மரைதான் பின் சக்கரத்து ஃப்ரீவீலுக்கும். நாட்டிங்ஹாமில் இருந்த ராலிக்காரன் மட்டும் தன் வழியில் 26 மரை போட்டான். பழைய சீமை ராலி ஒன்று கடைக்கு வந்தால் அப்பா முதலில் கப்பைக் கழற்றி விரல் நகத்தால் மரையைத் தடவிப் பார்ப்பார். 24 மரைக் கப்பை அதில் திருப்பினால் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும். மூன்றாவதில் பிடிக்கும். அதற்கு மேல் பலம் கொடுத்தால் சட்டம் போச்சு.

சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதி சுருங்கியது. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து சென்னையில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அம்பத்தூரில் இருந்து ஹெர்குலிஸ் வந்தது, பின்னால் பிஎஸ்ஏவும் ஃபிலிப்ஸும். வங்காளத்தில் ஆசன்சோலில் சென்-ராலி. சோனிபட்டில் 1951-ல் அட்லஸ். லூதியானாவில் 1956-ல் ஹீரோ. முத்திரையும் ஸ்டிக்கரும் வேறு வேறு. உள்ளே பெரும்பாலும் பர்மிங்ஹாம் அளவுதான். லூதியானாவில் சின்னச் சின்னப் பட்டறைகள் செய்து அனுப்பிய கோனும் கப்பும் எந்தச் சைக்கிளுக்கும் ஏறின. பின் ஹப்புக்குப் பக்கத்துக்கு ஒன்பது பால்ஸ், கால் அங்குலம். முன் ஹப்புக்குப் பத்து, 3/16. கிராங்குக்குப் பதினொன்று. கடையில் சேரும் பையன் முதலில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பாடு இது. இதைத் தெரிந்தவன் காசர்கோட்டில் கடை போட்டாலும் கயத்தாற்றில் கடை போட்டாலும் பிழைத்துக்கொள்வான்.

இடது பெடலுக்கு எதிர் மரை என்பது அந்த வாய்ப்பாட்டின் இரண்டாம் பாடம். மிதிக்க மிதிக்கப் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் குணமுடையது. வலதுபுறம் நேர் மரையும் இடதுபுறம் எதிர் மரையும் வைத்தால் இரண்டும் இறுகிக்கொண்டே இருக்கும். சங்கிலிப் பக்கத்துக் கப்புக்கும் எதிர் மரைதான். புதுப் பையன் எவனும் ஒரு தடவையாவது இடது பெடலைத் தப்பான பக்கம் திருப்பி, ஸ்பானரில் தொங்கி, முழங்கையைப் பெயர்த்துக்கொள்ளாமல் இருந்ததில்லை. அப்பா பார்த்துக்கொண்டே இருப்பார், சொல்லமாட்டார்.

அந்தச் சைக்கிளிலேயே அப்பாவின் கை தெரிகிற இடம் காட்டர் பின். விரல் நீளம்கூட இல்லாத இரும்புக் குச்சி, 9.5 மில்லிமீட்டர் தடிமன். ஒரு பக்கம் சரிவாக அரத்தால் ராவியிருக்கும், மறு முனையில் மரையும் நட்டும். கிராங்குக் கை அச்சில் உட்காருவதற்கு இது ஒன்றுதான் பிடிமானம். புதிய பின் பெட்டியில் இருந்து எடுத்தவுடன் சரியாக உட்காராது. சரிவை அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்து, செருகிப் பார்த்து, மறுபடி இழுக்கவேண்டும். "லே மக்கா, மொட்ட அரத்த எடு, புது அரம் திங்கும்" என்பார் அப்பா. மொட்டை அரத்தில்தான் இரும்பு மயிரிழையாகப் போகும். வலது பின்னும் இடது பின்னும் எதிரெதிர் முகமாகச் செருகவேண்டும். சரிவு இரண்டுக்கும் ஒத்து வராவிட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, ஒன்று கொஞ்சம் முந்தும். ஓட்டுகிறவனுக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது. "ஒரு கால் மட்டும் கடுக்குது" என்று வருவான். அப்பா சீட்டைத் தொடமாட்டார். பெடலைக் கிடைமட்டமாக நிறுத்தி, பின்னால் குத்தவைத்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அப்புறம் கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்து, சுத்தியலால் ஒரே அடி. முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுக்கக் கப்புக்கும் பால்ஸுக்கும் போய்ச் சேரும். நட்டை முறுக்கிப் பின்னை இழுக்கப் பார்க்கிறவன் மரையைத்தான் பாழாக்குவான்.

சாமான்களின் ஒற்றுமையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேனே தவிர, அந்தச் சைக்கிள் மனிதனின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. சட்டம் பெரும்பாலும் 22 அங்குலம் அல்லது 24 அங்குலம், அவ்வளவுதான். 24 அங்குலச் சட்டத்தில் சீட்டை அடியோடு இறக்கினாலும், ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு அதற்கு மேல் நாலு அங்குலம் நிற்கும். மொத்தம் 28. பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமண்ட் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு. கவட்டில் இருந்து தரை வரை அளந்த கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்கு அச்சில் இருந்து சீட்டின் உச்சி வரை இருக்கவேண்டிய உயரம் வரும். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 28 அங்குலச் சீட்டில் வசதியாக உட்கார ஏறக்குறைய 32 அங்குலக் கால் வேண்டும். நாஞ்சில் நாட்டில் அப்படிப்பட்ட கால்காரர்கள் எத்தனை பேர்? போலீஸ்காரர்கள் சிலர், வாலிபால் ஆடுகிறவர்கள் சிலர். மற்றவன் எல்லாம் இடுப்பை இடதும் வலதும் ஆட்டி ஆட்டித்தான் மிதித்தான். கடைத்தெருவில் பின்னால் இருந்து பார்த்தால், போகிறவனுடைய சைக்கிள் 22-ஆ 24-ஆ என்று இடுப்பை வைத்தே சொல்லிவிடலாம்.

நின்றுகொண்டு கால் எட்டாது என்பதால் ஏறுவதற்கே ஒரு வித்தை வேண்டும். இடது பெடலில் ஒரு காலை வைத்து, மற்ற காலால் தரையை உந்தி உந்தி ஓடி, வேகம் வந்ததும் வலது காலைப் பின்னால் வீசிப் போடுவது. கேரியரில் சாமான் இருந்தால் காலை வீச முடியாது. அப்போது முன்வழியாக, சட்டத்துக்கு மேலே காலை மடக்கிக் கொண்டுபோகவேண்டும். இறங்குவதும் ஓடுகிற சைக்கிளில் இருந்துதான். சின்னப் பிள்ளைகளுக்குச் சீட்டே கிடையாது. சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு காலை நுழைத்து, இடுப்பை வளைத்து, குரங்கு பெடல். வாடகைச் சைக்கிள் ஒரு மணி நேரம் எடுத்து, அதில் பாதி நேரம் விழுந்து, மீதி நேரம் ஹேண்டிலை நிமிர்த்துவதற்குக் கடைக்காரனைக் கெஞ்சி, அப்படித்தான் இந்த மாவட்டம் சைக்கிள் கற்றது.

சைக்கிளை ஆளுக்குத் தக்கபடி ஆக்குவதற்கு எங்களிடம் இருந்த உபாயங்கள் சொற்பம். பெடலின் ரப்பருக்கு மேல் பூவரசங்கட்டை வைத்துக் கம்பியால் கட்டுவோம், ஒன்றரை அங்குலம் மிச்சமாகும். சீட்டின் ஸ்பிரிங் கூட்டைக் கழற்றிவிட்டுத் தட்டைச் சீட்டு போடுவோம். சீட்டு மூக்கைக் கொஞ்சம் தாழ்த்துவோம். அப்படித் தாழ்த்தினால் உடம்பு முன்னால் சரிந்து பாரம் முழுக்கக் கைக்கு வரும். கை வலிக்கிறது என்று பத்து நாளில் திரும்பி வருவார்கள். மறுபடி தூக்குவோம். கடைக்கு இரண்டு தடவையும் எட்டணா.

பெண்களின் கதை இன்னும் மோசம். சட்டத்தைத் தாழ வளைத்த லேடீஸ் சைக்கிள் டவுனில் நாலு வீட்டில் நின்றது. கிராமத்துக் கடைக்காரன் வாங்கி வாடகைக்கு விடமாட்டான், ஆம்பிளை எடுக்கமாட்டானாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரம் ஆயிரமாகப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றபோது, லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அதில் சிலர் இதுதான் சௌகரியம் என்றார்கள், குழந்தையைக் குறுக்குச் சட்டத்தில் உட்கார வைக்கலாமே. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கிடைத்த சாமானுக்கு உடம்பைப் பழக்கிக்கொள்வது இங்கே ஆம்பிளை பொம்பிளை எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது 2001-02-ல், ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளில் இருந்து. சில வருஷத்தில் பதினோராம் வகுப்பில் எல்லோருக்கும் என்று விரிந்தது. பிள்ளைகள் ஏறி இறங்கும்படியான சைக்கிள் ஊர் ஊராக வந்தது அப்போதுதான்.

மேட்டுக்கு வருகிறேன். பெரிய சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 44 பல், பின் ஃப்ரீவீலுக்கு 18 பல் என்பது சாதாரணம். ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் போகும். அது நாகர்கோவில் மணிமேடைக்குச் சரி. அழகியமண்டபத்தில் இருந்து குலசேகரம் போகிற ரப்பர் ஷீட்டுக்காரனுக்குச் சரிவராது. அவர்களுக்கு 22 பல் ஃப்ரீவீல் போட்டுக் கொடுப்போம். அதற்குச் சங்கிலியில் இரண்டு கண்ணி கூட்டவேண்டும். ஒரு மிதிக்கு நாலரை மீட்டராகக் குறையும். அவ்வளவுதான் எங்கள் கியர். அதற்கு மேல் மேடு வந்தால் இறங்கி உருட்டவேண்டும், அதில் மானக்கேடு எதுவும் கிடையாது. இறக்கம்தான் பயம். மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கம்பி பிரேக்கின் கட்டை, குரோமியம் பூசிய ரிம்மின் உட்புறத்தை அழுத்தும். அது நனைந்தால் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு கால் செருப்பும் தரையில் தேய, கத்திக்கொண்டே இறங்குகிறவர்களை வேர்க்கிளம்பிப் பக்கம் பார்த்திருக்கிறேன். செருப்புக் கடைக்காரனுக்கும் எங்களுக்கும் மழைக்காலத்தில் ஒரே மாதிரி வியாபாரம்.

இந்த வட்டாரத்தில் சைக்கிளை அதிகமாக வேலை வாங்கியவர்கள் மீன்காரர்கள். குளச்சலிலும் முட்டத்திலும் விடியும் முன்னே மீன் எடுத்து, பனையோலைக் கடவத்தில் போட்டு, கேரியரில் கட்டிக்கொண்டு, ரப்பர்ப் பந்து ஹாரனை அமுக்கியபடி மேட்டு ஊர்களுக்கு ஏறி வருவார்கள். கம்பெனிக் கேரியர் தாங்காது. வெல்டிங் பட்டறையில் தடித்த கம்பியில் தனியாகச் செய்த கேரியர், ஃபோர்க்குக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கம்பி. அவர்கள் சைக்கிளை இரண்டாம் கையாக யாரும் வாங்கமாட்டார்கள். கடவத்தில் இருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர் நேராகப் பின் ரிம்மிலும் ஃப்ரீவீலிலும் விழும். ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சின்ன நாக்கு இரண்டும் துருவில் ஒட்டிக்கொண்டால், ஒன்று சங்கிலி சும்மா சுற்றும், இல்லை மிதிப்பதை நிறுத்த முடியாது. மண்ணெண்ணெயில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் ஆட்டி ஆட்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். பிழைக்காததைக் கழற்றுவது லேசில்லை. பின்னாளில் அவர்கள் எல்லாம் மொபெட்டுக்கு மாறினார்கள். கடையின் வாசனை மாறியது, வருமானமும் குறைந்தது.

இனி மலைச் சைக்கிள். அது பிறந்த கதை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதுவும் ஒட்டுப் போட்ட கதைதான். கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற இடத்தில் எழுபதுகளில் சில இளைஞர்கள் 1930-களில் செய்த தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்களைப் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கி எடுத்து, கிடைத்த சாமான்களைப் பூட்டி, மலைத் தடத்தில் இறக்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று நடந்த பந்தயத்துக்கு ரீபேக் என்று பேர். மிதியைப் பின்னால் அழுத்தினால் பிடிக்கும் ஹப் பிரேக் அந்த இறக்கத்தில் சூடாகி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்கவேண்டும், பேர் அதனால் வந்தது. கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிச்சி, ஜோ பிரீஸ் எல்லோரும் அந்தக் கூட்டத்து ஆட்கள். ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கென்றே தனிச் சட்டம் செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஸ்டம்ப்ஜம்பரை ஜப்பானில் செய்து விற்றது. அதோடு உலகம் முழுக்கப் பரவியது.

எங்கள் கடைக்கு அது வந்தது தொண்ணூறுகளில், ஹீரோ ரேஞ்சர் என்றும் ஹெர்குலிஸ் எம்டிபி என்றும். நேர் ஹேண்டில்பார், முள் டயர், தடித்த சட்டம். பார்த்தவுடன் பையன்களுக்குப் பைத்தியம் பிடித்தது. பெரும்பாலானவற்றில் கியர் இல்லை, முள் டயர் தார் ரோட்டில் உறுமிக்கொண்டு போகும். பிறகு கியரும் வந்தது, முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வந்தது. மலை ஏறுவதற்கு அந்த ஸ்பிரிங்கால் ஒரு பிரயோசனமும் இல்லை, மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை அதுவே தின்றுவிடும். ஆனால் கியர் உண்மையான சமாச்சாரம். முன்னே 24 பல், பின்னே 28 பல் என்று மாற்றினால் ஒரு மிதிக்கு ஒன்றே முக்கால் மீட்டர்தான். பேச்சிப்பாறை மேட்டை உட்கார்ந்துகொண்டே ஏறலாம். ரப்பர் ஷீட்டுக்காரன் காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை முழங்கால் மிஞ்சியிருக்கும்.

தகராறு டயரில் ஆரம்பித்தது. எங்களிடம் ஏற்கெனவே 26 அங்குல டயர் இருந்தது, லேடீஸ் சைக்கிளுக்கும் சின்னச் சைக்கிளுக்கும் போடுகிற 26 × 1⅜. மலைச் சைக்கிள் டயரின் பக்கத்திலும் 26 என்றுதான் அடித்திருந்தது, 26 × 1.95. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் முகத்தில் விட்டெறியாத குறையாகத் திரும்பி வந்தார். ரிம்மில் டயர் உட்காருகிற இடத்தை அளந்தால் முதலாவது 590 மில்லிமீட்டர், இரண்டாவது 559. முப்பத்தொரு மில்லிமீட்டர் வித்தியாசம். 26 என்பது காற்று அடைத்த டயரின் வெளி விட்டம், ரிம்முக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த 559 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1933-ல் ஷ்வின் போட்ட தடித்த டயரில் இருந்து. மரின் பையன்கள் பொறுக்கிய பழைய சைக்கிளின் ரிம் அளவு அப்படியே மலைச் சைக்கிளுக்கு ஒட்டிக்கொண்டு, தக்கலைக் கடைக்கு வந்து சேர்ந்தது. பிறகு வந்த 29 அங்குலச் சக்கரத்துக்கு 622. நம் கறுப்புச் சைக்கிளின் 28 அங்குலத்துக்கு 635. பேரில் 28 சின்னது, ரிம்மில் 28 பெரியது. இதை வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்லிப் பாருங்கள், கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்றுதான் முடிவு கட்டுவார். நான் 559, 590, 622, 635 என்று சுண்ணாம்பில் சுவரில் எழுதி வைத்தேன். லாட்டரி நம்பர் என்று நினைத்துக் குறித்துக்கொண்டு போனவரும் உண்டு.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சங்கிலியின் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம் என்பது மாறவில்லை, அகலம் மாறியது. பழையது 1/8, கியர்ச் சைக்கிளுக்கு 3/32. அகலச் சங்கிலியைக் கியரில் போட்டால் பக்கத்துப் பல்லில் உரசிக்கொண்டே இருக்கும். பின் ஹப்பின் அகலம் கூடியது, அதனால் பழைய அச்சு எட்டாது. ஏழு கியர் வரைக்கும் ஃப்ரீவீல் மரையில் திருகுவதுதான், அதில் பழைய 24 மரை இன்னும் உயிரோடு இருந்தது. எட்டுக்கு மேல் போனால் மரையே இல்லை, வரிப்பள்ளத்தில் செருகும் கேசட். காட்டர் பின் போய்ச் சதுர அச்சு, சதுரம் போய்ப் பல் வைத்த அச்சு. சீட்டுத் தண்டு ஒன்றுக்கு 25.4 மில்லிமீட்டர், இன்னொன்றுக்கு 27.2. காற்றடிக்கும் வால்வுகூட மூன்று விதம். ஒல்லியான ப்ரெஸ்டா வால்வுக்கு எங்கள் பம்ப் வாய் பிடிக்காது, இடையில் பித்தளை மூடி ஒன்று வைக்கவேண்டும். அந்த மூடி எப்போதும் தேடும்போது கிடைக்காது.

பையன்களுக்கு உடம்பு வலியும் புதுவிதமாக வந்தது. கறுப்புச் சைக்கிள் ஓட்டியவன் நிமிர்ந்து உட்கார்ந்தான், பாரம் பின்புறத்தில். அதற்காகத்தான் அகலத் தோல் சீட்டும் ஸ்பிரிங்கும். மலைச் சைக்கிளில் முன்னால் குனியவேண்டும், சீட்டு ஒடுக்கம், ஹேண்டில் நேர் கம்பி. கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் வந்து, "அண்ணாச்சி, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போவுது, சைக்கிள் மாத்தணுமா?" என்றான். உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடுகிற நரம்பு கம்பியில் அழுந்துவதால் வருவது அது. சைக்கிளை மாற்ற வேண்டாம். சுவரோரம் செருப்பைக் கழற்றி நிற்க வைத்து, கணக்குப் புத்தகத்தைக் கவட்டில் செருகி, பென்சிலால் கோடு போட்டேன். 78 சென்டிமீட்டர். 0.883-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 69. அவன் சீட்டு 63-ல் இருந்தது, தரையில் இரண்டு காலும் முழுசாக ஊன்றவேண்டும் என்று வைத்திருக்கிறான். மூக்கு வேறு கீழ்நோக்கிச் சரிந்திருந்தது, அதனால் ஒவ்வொரு மிதிக்கும் வழுக்கி முன்னால் வந்து கையால் தன்னைத் தாங்கிக்கொண்டிருந்தான். சீட்டை உயர்த்தி மட்டமாக்கினேன். ஹேண்டிலைப் பிடிக்கும் தண்டுக்குக் கட்டையான ஒன்று போட்டேன், மூன்று சென்டிமீட்டர் கிட்டே வந்தது. பிரேக் பிடியைக் கொஞ்சம் கீழே சாய்த்து, மணிக்கட்டு வளையாமல் விரல் எட்டும்படி வைத்தேன். ஒரு வாரம் கழித்துத் திற்பரப்பு வரை போய்விட்டு வந்ததாகச் சொன்னான். கடையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சாயாவும் குடித்தான்.

பெடல் அடி வட்டத்தில் இருக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கவேண்டும், பாதத்தின் முன் குமிழ் பெடல் அச்சுக்கு மேலே இருக்கவேண்டும். இவ்வளவு தெரிந்தால் முக்கால்வாசி வலி போய்விடும். கறுப்புச் சைக்கிளில் இதையெல்லாம் செய்ய எங்களுக்கு இடமே இல்லை. இப்போது இடம் இருக்கிறது, சட்டமே மூன்று நாலு அளவில் வருகிறது. ஆனால் விலை குறைந்த சைக்கிளில் இன்னும் ஒரே அளவுதான், வளர்ந்த ஆளுக்கும் பிள்ளைக்கும் அதே.

காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் வருகிறவர்கள் இப்போது நிறைய. மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்துவிட்டு, கடைசி நாளில் எங்கள் மாவட்டத்துக்குள் நுழைவார்கள். ஒருவர் திருவனந்தபுரம் வழியாக வந்துகொண்டிருந்தார். மார்த்தாண்டம் தாண்டி ஒரு குழியில் இறங்கியதில் பின் கியர் மாற்றி போக்ஸ் கம்பிக்குள் போய்விட்டது. உள்ளங்கை அகல அலுமினியத் துண்டு ஒன்று முறிந்திருந்தது. சட்டத்துக்கும் கியர் மாற்றிக்கும் நடுவில் இருக்கும் ஹேங்கர். சட்டம் முறியாமல் இருக்க இது முறியட்டும் என்றே மெத்தென்று செய்வது. நல்ல யோசனைதான். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் அதன் உருவம் வேறு. ஓட்டை இருக்கிற இடம் வேறு, வளைவு வேறு. அவருடைய சைக்கிள் விலைக்கு எங்கள் கடையில் உள்ள மொத்தச் சைக்கிளையும் வாங்கலாம், அந்தத் துண்டு மட்டும் இல்லை. பேரன் கியர் மாற்றியைக் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்தான். நான் சங்கிலியை நடுப் பல்லுக்கு நேராக அளந்து, கண்ணி குறைத்து, பின் அடித்து இறுக்கினேன். ஒற்றைக் கியர். "இனி மிதிச்சா மிதி, இல்லேன்னா இறங்கி உருட்டு" என்று சைகையில் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. சிரித்துவிட்டுப் போனார். அன்று மாலை கன்னியாகுமரியில் எடுத்த படத்தைப் பேரனுக்கு அனுப்பியிருந்தார்.

சாமான் செய்கிறவர்களுக்கும் இது சலித்துப் போயிருக்கவேண்டும். அமெரிக்காவின் ஸ்ராம் கம்பெனி 2019-ல் புதுச் சட்டங்களுக்குப் பொதுவாக ஒரே உருவத்தில் ஹேங்கர் ஒன்றை வெளியிட்டது, மற்ற கம்பெனிகளும் தங்கள் சட்டத்தை அதற்கேற்றபடி செய்யலாம் என்று. பலர் செய்கிறார்கள். பேரன் இதைச் சொன்னபோது நான், "பர்மிங்ஹாம்காரன் நூறு வருஷத்துக்கு முன்னயே செஞ்சான் பிள்ளே" என்றேன். "அவன் செஞ்சதுல உட்கார முடியலேன்னு நீங்கதானே பாட்டா சொன்னீங்க" என்கிறான். வாய் அதிகம்.

அந்தப் பொது ஹேங்கர் அதற்கென்று செய்த புதுச் சட்டங்களுக்கு மட்டும்தான். பழைய சட்டம் வைத்திருப்பவர்கள் உடைந்த துண்டைப் போட்டோ எடுத்து அனுப்பித்தான் வாங்கவேண்டும். எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள், இரண்டு பக்கமும் எடுங்கள். இல்லாவிட்டால் வேறு ஏதாவது வரும். எங்கள் மேஜை இழுப்பறையில் அப்படி வந்தவை ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன, யாருக்காவது பொருந்தினால் எடுத்துக்கொள்ளலாம்.